பெரியது ஒன்றா, சின்னது இரண்டா

பதிப்பகத்தில் அவளைக் ‘கலர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் காமிக்ஸ் வரைவார், அவள் வண்ணம் தீட்டுவாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பென் டிஸ்ப்ளே, திரைமேலேயே பேனாவால் வரைகிற பலகை. பகல் முழுக்க அவரிடம் இருக்கும். அவர் எழுந்த பிறகுதான் அவளுக்கு. போன வாரம் அதுவும் கண்ணை மூடிவிட்டது.

பெரிய திரை ஒன்றின் விலைக்குச் சின்னது இரண்டு வரும். அவருக்குப் பெரியதுதான் வேண்டும். அவளுக்கு இரண்டு வேண்டும். குழந்தைகள் புத்தகம் ஒன்றைத் தனியாக வரைந்து தரச் சொல்லி அவளைக் கேட்டிருந்தார்கள். பெரியது வந்தால் மறுபடி அவர் எழும்வரை காத்துக் கிடக்க வேண்டும், புத்தகம் நடந்த மாதிரிதான்.

அவரிடம் சொல்லிப் பார்த்தாள். “பெரிசு வாங்கினா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வரையலாமே” என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் அகராதியில் ‘மாத்தி மாத்தி’ என்றால் முதலிலும் அவர், கடைசியிலும் அவர்.

கடையில் இரண்டையும் தொட்டுப் பார்க்க வைத்திருந்தார்கள். அவர் பெரியதன் முன் உட்கார்ந்து, தோளிலிருந்து கையை வீசி, தன் காமிக்ஸ் மாலுமியை வரைந்தார். நெற்றி, மூக்கு, தாடி எல்லாம் அமர்க்களம். விற்பனைப் பெண் வாயைப் பிளந்தாள். பிறகு சுக்கான் பிடித்த கை வந்தது. ஐந்து விரலும் வெண்டைக்காய் மாதிரி விறைத்து நின்றன. அழித்தார். மறுபடி வெண்டைக்காய்.

“திரை ரொம்பப் பெரிசுல்ல, அதான் பழகல” என்று சின்னதற்கு நகர்ந்தார். அங்கேயும் அதே கை. “இது ரொம்பச் சின்னது.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டால் பெரியது வீட்டுக்கு வந்துவிடும். திறந்தால் மனுஷர் நொந்துபோவார்.

“வீட்டுல நல்லா வருமே” என்று முணுமுணுத்தார்.

“வீட்டுல நான் திருத்திடுவேங்க.”

“எதை?”

“கையை. கலர் பண்ணும்போது அழிச்சிட்டு வேற வரைஞ்சிடுவேன்.”

“எப்போலேர்ந்து?”

“ரெண்டாவது புத்தகத்துலேர்ந்து.”

இப்போது ஒன்பதாவது ஓடிக்கொண்டிருந்தது. அச்சுக்குப் போனால் தன் கோடு இன்னும் எடுப்பாகிவிடுகிறது என்று இத்தனை வருஷமும் அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் முகம் சுண்டிவிட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளுக்கு அழுகையே வந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து, விற்பனைப் பெண்ணிடம் போனார்.

“சின்னது ரெண்டு போடும்மா.”



மறுநாள் காலை ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். அவள் முதல் பக்கத்து யானைக்குட்டிக்குக் காது போட்டுக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைக் கனைத்தார்.

“உன் கையைக் கொஞ்சம் இப்படி நீட்டேன். பாத்து வரைஞ்சிக்கறேன்.”

அவர் கேட்டு அவள் இதுவரை முடியாது என்றதே இல்லை. கை தானாக நீளப் பார்த்தது. அவள் பேனாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு வேலை இருக்குங்க. உங்க இடது கை சும்மாதானே இருக்கு.”

அவர் இடது கையைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வரைய ஆரம்பித்தார்.