பிரிச்சு வைங்க

ஏழாம் நம்பருக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. ஏழாம் நம்பர் என்றதும் பஸ் என்று நினைத்துவிடாதீர்கள், பஸ்ஸை ஓட்டுகிறவள். பதிமூன்று வருஷமாக ஒரே தடத்தில் ஓட்டி ஓட்டி, அவளுடைய சொந்தப் பெயர் டிப்போவின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் மிச்சம். கூட வேலை பார்ப்பவர்களுக்கு அவள் ஏழாம் நம்பர் அக்கா. வீட்டுக்காரருக்கு வெறும் ஏழு.

இத்தனை குதூகலத்துக்கும் காரணம் ஒரு கண்ணாடி அலமாரி. நூலகத்தின் முன்கூடத்தில், உள்ளே நுழைகிறவர் யாரும் பார்க்காமல் தாண்டிப் போக முடியாத இடத்தில் நிற்கிறது. எதையாவது ஆசையாய்ச் சேர்த்து வைத்திருப்பவர்கள், மாதம் ஒருவராக, தங்கள் செல்வத்தை அதில் பரப்பிக் காட்டலாம். இரண்டு வருஷம் வரிசையில் காத்திருந்து, நாளைக்கு அவள் முறை. அவள் வைக்கப்போவது பொம்மை பஸ்கள். மொத்தம் முப்பத்தொன்று. கடையிலிருந்து வந்த பெட்டியும் அட்டையும் அப்படியே இருக்க, ஒன்றைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

பிரிக்காமல் என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். அதற்கு அவள் பட்ட பாடு இருக்கிறதே! வீட்டில் வெயில் எட்டிப் பார்க்காத ஒரே இடம் நடை. அங்கேதான் தட்டுகள் அடித்தாள். அட்டையின் தலையில் ஆணியில் மாட்ட ஓட்டை இருக்கும். மாட்டினால் பஸ்ஸின் கனத்தில் நாளாவட்டத்தில் அந்த ஓட்டை கிழியும். அதனால் ஒவ்வொன்றும் சாய்ந்து உட்காரத் தனித்தனித் தாங்கி. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி மாதிரிக் கெட்டிப் பிளாஸ்டிக் உறை. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கவே கூடாது, அடியில் இருப்பது நசுங்கும். செல்லோடேப் கிட்டேயே வரக் கூடாது. புதுச் செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் ஈரம் உறிஞ்சக் குட்டிப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அதையெல்லாம் டிப்போ முழுக்கக் கேட்டு வாங்கிச் சேர்த்தாள். தொடுவதென்றால் வெள்ளைப் பருத்திக் கையுறை. விருந்தாளி யாராவது "எடுத்துப் பார்க்கலாமா?" என்றால், "கண்ணால பாருங்க" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனால் கை குறுக்கே வந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய எதிரி சமையலறை ஆவி. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரர். விடியுமுன் போனால் மதியத்துக்கு மேல் வந்துவிடுவார். வந்தவர் சும்மா இருப்பாரா? வீட்டிலும் எதையாவது கொதிக்க வைப்பார். "ஆவி பட்டா பசை விட்டுடுங்க! அட்டை உப்பிப்போயிடும்!" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, கடைசியில் சமையலறைக்கும் நடைக்கும் நடுவே ஒரு கதவே போட்டுவிட்டாள். ஆவி என்ற பேச்சு வந்தாலே மனுஷர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். திட்டு வாங்கியதால் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

முப்பத்தொன்றில் முதலாவது அவர் கொடுத்ததுதான். சிவப்பு நிற மாடி பஸ். கல்யாணத்துக்கு முன்னால், தினமும் விடியற்காலை அவளுடைய முதல் டிரிப்பில் கேன்டீனுக்குப் போகிற ஒரே பயணியாக அவர் ஏறிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் இறங்கும்போது பெட்டியை ஸ்டியரிங் பக்கத்தில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடியே போய்விட்டார். பெட்டியின் முன்பக்கம் பளபளவென்று ஒரு ஜன்னல், பக்கவாட்டில் மூடி, மூடியின்மேல் கம்பெனியின் வட்ட முத்திரை. அந்த அழகைப் பார்த்தபிறகு யாருக்குப் பிரிக்க மனசு வரும்? அவளுக்கு வரவில்லை. சேர்க்கிற பைத்தியம் அங்கேதான் பிடித்தது. "பன்னிரண்டு வருஷம், முத்திரை அலுங்கலை!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள்.

மூன்றரை மணிக்கு, கடைசி டிரிப் எடுக்குமுன் பஸ் நிலையத்தில் நிற்கும்போது நூலகத்தம்மா போன் செய்தார்.

"நாளைக்கு இல்லம்மா, இன்னைக்கே அஞ்சு மணிக்கு உங்க வீட்டுக்கு வர்றேன். ஒரு தடவை பார்த்துட்டா காலைல அடுக்கறது சுலபம். அந்த மாடி பஸ்ஸைத்தான் நட்ட நடுவுல வைக்கப்போறேன். போர்டுகூட எழுதி வந்தாச்சு."

"என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"பிரிக்காத முப்பத்தொன்று! எப்படி? ஆனா ஒண்ணு சொல்லிடறேன். போர்டுல இருக்கறது ஒண்ணு, உள்ள இருக்கறது ஒண்ணுன்னு ஆகிடக் கூடாது. உங்களுக்கு அடுத்து நிக்கறவர் சாவிக்கொத்து சேர்க்கறவர். எப்படா குத்தம் கண்டுபிடிக்கலாம்னு காத்துட்டிருக்கார். ஏதாவது தப்பு இருந்தா அலமாரி அவருக்குத்தான்."

"என் பஸ்ஸுல தப்பா? வாங்க, வந்து பாருங்க!"

புறப்பட நாலே நிமிஷம். அவசரமாக வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, நூலகத்தம்மா இன்னைக்கே வர்றாங்களாம்! நீங்க அந்த மாடி பஸ்ஸை மட்டும் தனியா..." பின்னால் நின்ற பஸ்காரன் சரியாக அந்த வார்த்தைக்குப் பார்த்து ஹாரனில் கையை வைத்தான். "...பிரிச்சு வைங்க."



"ஏழு, நிஜமாத்தான் சொல்றியா?"

"இதுல என்ன நிஜம், பொய்?"

"இல்ல, இத்தனை வருஷம் கழிச்சு..." அவர் குரல் என்னவோ போலிருந்தது. வெங்காயம் நறுக்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள். "நீ வந்தப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து பிரிக்கலாமே?"

"அதுக்கெல்லாம் நேரமில்லங்க! பிரிச்சு வைங்கன்னா வைங்க. கையுறை போட்டுக்கங்க, மறக்காதீங்க!"

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். வண்டி ஓடும்போது போனைத் தொடுவது அவளுக்குச் சுத்தமாக ஆகாது. அப்படித் தொட்ட ஒருவனோடு இன்றுவரை அவள் பேசுவதில்லை.

முதல் பத்து நிறுத்தம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. மனசுக்குள் அலமாரியை அடுக்கிக்கொண்டே ஓட்டினாள். பதினோராவது நிறுத்தத்தில் ஓர் அம்மாவும் மகளும் ஏறி, அவளுக்கு நேர்பின் இருக்கையில் உட்கார்ந்தார்கள். "அம்மா, பிஸ்கட்டைப் பிரிச்சுக் குடும்மா" என்றது குழந்தை. சரக்கென்று உறை கிழிந்தது.



பிரிச்சு வைங்க. ஐயோ, பிரிச்சு! தனியே எடுத்து வை என்பதற்கும் அதே வார்த்தை, உறையைக் கிழி என்பதற்கும் அதே வார்த்தை. இந்தத் தமிழை வைத்துக்கொண்டு மனுஷி என்னதான் செய்வாள்! அதுவும் யாரிடம் சொல்லியிருக்கிறாள்? "மழை வர்ற மாதிரி இருக்கு, கொடியில துணியைப் பார்த்துக்கங்க" என்று சொன்னால், துணி நனைவதை ஜன்னல் வழியாக ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனுஷரிடம். "இத்தனை வருஷம் கழிச்சு" என்று அவர் இழுத்ததற்கு இப்போதல்லவா அர்த்தம் புரிகிறது!

இன்னும் பதினோரு நிறுத்தம். எல்லா சிக்னலும் அவளைப் பார்த்ததும் சிவந்தது. இறங்குகிறவர்கள் அன்றைக்கென்று பார்த்து, பஸ் நின்றபிறகுதான் எழுந்து பையைத் தேடினார்கள். "இறங்கறவங்க கொஞ்சம் சீக்கிரம், புண்ணியமாப் போகும்!" என்று கெஞ்சினாள். அப்படியும் வேகத்தைக் கூட்டவில்லை. அது வேறு விஷயம். டிப்போவில் வண்டியை விட்டதும் வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். நாற்பத்துமூன்று வயதில் சீருடையோடு ஒரு பஸ் ஓட்டுநர் தெருவில் அப்படி ஓடுவதைப் பார்த்தவர்கள் பஸ்ஸே தொலைந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். நடையில் வெள்ளைத் துணி விரித்து, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, சமையல்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். துணிமேல் மாடி பஸ். பெட்டிக்கு வெளியே. பெட்டி பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பன்னிரண்டு வருஷங்க! என் தலையிலயே கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களே! தனியா எடுத்து வைங்கன்னுதானே சொன்னேன்?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. "தனியாவா? அது காதுலயே விழலையே. உனக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு, படிக்கத்தான் நீ பிரிக்கச் சொல்றேன்னு நினைச்சேன்."

"என்னத்தைப் படிக்க? உள்ள பஸ்தானே இருக்கு?"

 கையுறைக்குள் பொத்தி வைத்திருந்ததை நீட்டினார். நாலாக மடித்த ஒரு கேன்டீன் சீட்டு, ஓரமெல்லாம் பழுத்துப்போய். பின்பக்கத்தில் அவருடைய கோணல் கையெழுத்து:

"இதைப் பிரித்துப் படித்துவிட்டால், அப்புறம் நாம் பிரியக் கூடாது. சம்மதமா?"

அவள் ஒரு தடவை படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாம் தடவை எழுத்து கலங்கிவிட்டது.

"இது எப்படி உள்ள வந்துது? முத்திரை இருந்துதே!"

"ஆவியிலதான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "கெட்டில் மூக்குல காட்டினா முத்திரை தானா விட்டுடும். பஸ்ஸுக்கு அடியில இருக்கற அட்டைக்குக் கீழ சீட்டை வச்சு, திரும்ப ஒட்டிக் குடுத்தேன். மூணு மாசம் கழிச்சு நீதானே கேட்ட, 'தினம் ஏறி இறங்கிட்டே இருக்கப்போறீங்களா, இல்ல வீட்டுல வந்து பேசப்போறீங்களா'ன்னு? நீ சீட்டைப் படிச்சுட்டுத்தான் கேக்கறேன்னு நான் பறக்காத குறை. கல்யாணமாகி உன் சாமான் வந்து இறங்குது, பார்த்தா பெட்டி ஒட்டினது ஒட்டினபடி இருக்கு! சொன்னா முத்திரையைத் தொட்டது தெரிஞ்சுடும். நீ என்னை உயிரோட விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. முத்திரை அலுங்கலை என்று ஊரெல்லாம் பீற்றியது நினைவுக்கு வந்தது. இவர் பக்கத்திலேயே நின்று தலையாட்டியதும் வந்தது. அழுகையோடு சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

"அழாதே ஏழு. இப்பவும் கிழியாமத்தான் எடுத்திருக்கேன், பாரு. தண்ணி இன்னும் சூடாத்தான் இருக்கு. அஞ்சே நிமிஷம், பழையபடி ஒட்டிடறேன். நூலகத்தம்மா என்ன, கம்பெனிக்காரனே வந்து பார்த்தாலும் தெரியாது."

சபலம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கீறல் கிடையாது. ஒட்டிவிட்டால் அலமாரி அவளுக்கு. இரண்டு வருஷக் காத்திருப்பு, நட்ட நடுவில் மாடி பஸ், போர்டு. யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்கே தெரியவில்லையே, பன்னிரண்டு வருஷமாக! ஆனால் இன்னொரு கையில் சீட்டு இருந்தது. இதை மறுபடி எங்கே வைப்பது? திரும்ப அந்த இருட்டுக்குள்ளா?

வாசல் மணி அடித்தது.

"ஒட்ட வேணாங்க" என்றாள்.

நூலகத்தம்மா தாளில் எழுதிய போர்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். முதலில் தட்டுகளைப் பார்த்தார். தூசி இருக்கிறதா என்று விரலால் தடவினார், தாங்கிகளைக் குனிந்து பார்த்தார், விளக்கின் கீழே கையை நீட்டிச் சூடு பார்த்தார். "நாங்க புத்தகத்தைக்கூட இவ்வளவு பத்திரமா வச்சுக்கறதில்லம்மா!" என்று வாய்விட்டுச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக வேறொரு நாளாயிருந்தால் ஏழாம் நம்பர் துள்ளிக் குதித்திருப்பாள். இப்போது நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"முப்பத்தொண்ணு இல்லங்க, முப்பதுதான். மாடி பஸ் பிரிச்சது. இன்னைக்குப் பிரிச்சது மட்டுமில்ல, என் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒரு தடவை பிரிச்சது. எனக்கே இப்பத்தான் தெரியும்."

சீட்டை நீட்டினாள். நூலகத்தம்மா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு திரும்பப் படித்தார். திறந்து கிடந்த பெட்டியையும் முத்திரையையும் பார்த்தார்.

"ஒட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சிருக்காது."

அவர் பெருமூச்சு விட்டபடி போர்டை விரித்தார். பிரிக்காத முப்பத்தொன்று என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "இதை என்ன பண்றது? சாவிக்கொத்துக்காரர் நாளைக்கு முதல் ஆளா வந்து நிப்பார். ஒண்ணு ரெண்டுன்னு விரல்விட்டு எண்ணுவார்."

யார் வந்தாலும் கதவோரம் நின்று தலையாட்டுவதோடு சரி என்றிருக்கிற சமையல்காரர், அன்றைக்குத் தொண்டையைக் கனைத்தார்.

"எண்ணட்டும்ங்க. பிரிக்காத பஸ் முப்பது. அப்புறம், பிரியாத நாங்க ஒண்ணு."

நூலகத்தம்மா சிரித்த சிரிப்பில் போர்டு கையைவிட்டுச் சுருண்டுகொண்டது. "இதையே கீழ சின்ன எழுத்துல எழுதிடறேன்! அலமாரி உங்களுக்குத்தான். மாடி பஸ் நடுவுல, திறந்த பெட்டியோடயே இருக்கட்டும். சீட்டும் வரணும். ஆனா அலமாரிக்குப் பக்கத்து ஜன்னல் மேற்கு பார்த்தது, சாயங்காலம் வெயில் விழும். பழைய காகிதம், வெளிறிப்போயிடும்."

"கண்ணாடியில ஒட்டறதுக்கு வெயில் தடுக்கற தாள் அளவு பார்த்து வெட்டியே வச்சிருக்கேன்!" ஏழாம் நம்பர் எழுந்து ஓடினாள். இருப்பதிலேயே சின்ன உறையை எடுத்துவந்தாள். சீட்டை உள்ளே விடப்போனவள் நின்றாள்.

"பேனா இருக்கா?"

சமையல்காரர் பதறிப்போனார். "ஏழு, கெட்டுப்போயிடும்! பழைய காகிதத்துல பேனாவே படக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே?"

"கேள்வி கேட்டா பதில் வேணாமா?"

கையுறையில்லாத விரலால் சீட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவருடைய கோணல் எழுத்துக்குக் கீழே "சம்மதம்" என்று எழுதி, அன்றைய தேதியையும் போட்டாள். மை காயும்வரை இரண்டு பேரும் மாறிமாறி ஊதினார்கள். அப்புறம்தான் அதை உறைக்குள் விட்டு மூடினாள்.