மணலுக்கு அடியில் ஈரம்

துர்சின்பெக் ஆமைக்குட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதன் கழுத்தில் சுண்டுவிரலால் செம்மறி வால்கொழுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். கழுத்துத் தோல் வெங்காயச் சருகுபோல உரிந்து நின்றது. முன்கால் மடிப்புகளில் வெடிப்பு. முந்தின நாளிலிருந்தே அது கண் திறக்கவில்லை. போட்ட கீரை வாடிக் கிடந்தது.

கோடைக் கடைசியில் தெற்கிலிருந்து வந்த தர்பூசணி லாரியில், மண்ணோடு மண்ணாக வந்து சேர்ந்த குட்டி அது. வாதுமைக்கொட்டை அளவுதான் இருந்தது. தொப்பிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மகனுக்கு வேலை பெத்ரபாவ்ல் நகரில் என்பதால், வயதான காலத்தில் அவரும் மனைவி ரௌஷனும் இந்த வடக்கத்தி ஊரின் நான்காம் மாடி வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆயுள் முழுக்க மணல்வெளியில் ரயில் எஞ்சின் ஓட்டியவர், இங்கே ஜன்னலருகே நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் இருந்தார். குட்டி வந்தபிறகுதான் அவருக்குப் பேச்சு திரும்பியது. ஆற்றுமணலை அடுப்பில் வறுத்து உலர்த்திப் பெட்டியில் பரப்பினார். மேலே பல்பு தொங்கவிட்டார். "நம்ம ஊர்க்காரன்" என்று அதைக் கூப்பிட்டார்.

பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் வெப்பக்குழாய்கள் கொதிக்கத் தொடங்கி, அறைக் காற்று காய்ந்துபோனது. மதியத்துக்குள் ரொட்டி விறைத்துப்போனது. ரௌஷனுக்கு உதடு வெடித்தது. அவரோ, இதுதான் ஆமைக்கேற்ற காற்று என்று சந்தோஷப்பட்டார்.

கடைசியில் ரௌஷன்தான் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தாள். அந்தப் பெண் முதலில் கேட்டது வீட்டுக் காற்றின் ஈரத்தைப் பற்றி. கொழுப்பைத் துடைத்துவிடச் சொன்னாள். வெதுவெதுப்பான நீரில் தினமும் உட்காரவைக்க வேண்டும். புதைந்து படுக்க ஈரமண் வேண்டும். ஓட்டில் எழும்பியிருப்பதாக அவர் சொன்ன மேடுகள் இனி சமனாகாது, ஆனால் தோல் தேறலாம், குட்டி பிழைத்தால்.

துர்சின்பெக் போனை வைத்தார்.

"வடக்கத்திப் பொண்ணு. பாலைவனத்து ஆமையைத் தவளையாக்கப் பாக்குறா."

ரௌஷன் கல்யாணமான முதல் கோடையை நினைத்துக்கொண்டிருந்தாள். மணல்வெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மாமியார் வீட்டில் எப்போதும் ஆட்கள். புருஷன் பெண்டாட்டி தனியாக நாலு வார்த்தை பேச இடமில்லை. பால் கெடாமல் இருக்க நிலவறை தோண்டும் வேலை இருவருக்கும் வந்தது. மேல்மணல் காலைச் சுட்டது. இடுப்பளவு இறங்கியதும் மண்ணின் நிறம் மாறியது, மழை பெய்த மாதிரி வாசனை வந்தது. அங்கே ஒரு பெரிய ஆமை, முகத்தைச் சுவரில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பாமல் இருவரும் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"கிழவரே, நிலவறை தோண்டினோமே, ஞாபகமிருக்கா?"

"எந்த நிலவறை?"

"உங்கம்மா மேலேருந்து கூப்பிடக் கூப்பிட, நான் குரல் குடுத்துடாம என் வாயைப் பொத்தினீங்களே, அந்தக் குழி."

கிழவரின் காது மடல் சிவந்தது. "இப்ப எதுக்குடி அது?"

"அங்க ஒரு ஆமை இருந்துச்சு. அது மேல ஒட்டியிருந்த மண்ணு காஞ்சா இருந்துச்சு?"

அவர் பெட்டியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஈரம்," என்றார் கடைசியில். "பிடிச்சா உருண்டையா நிக்கும்." பிறகு, தாழ்ந்த குரலில், "மேல கெடந்ததை மட்டும்தான் நான் ஞாபகம் வச்சிருக்கேன், கிழவி."

ரௌஷன் ஜன்னலோர ஜெரேனியம் பூந்தொட்டியைக் கவிழ்த்தாள். அந்த மண்ணில் பாதி மணலைக் கலந்து, நீர் தெளித்து, அவர் பிசைந்தார். உடைந்த கிண்ணம் ஒன்றை மூலையில் குகைபோலக் கவிழ்த்து, ஈரம் போகாமலிருக்கப் பெட்டியின் பாதியைப் பலகையால் மூடினார். கொழுப்பை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள் ரௌஷன். தட்டையான தட்டில் வெந்நீரை விளாவி, தாடை மட்டத்துக்குக் கீழே நிற்கும்படி ஊற்றினாள். குட்டி கல்லாகக் கிடந்தது. தலை சாய்ந்து மூழ்கிவிடுமோ என்று அவர் விரலை அதன் தாடைக்கு முட்டுக் கொடுத்திருந்தார். நீர் ஆறியது, மாற்றினார்கள். மறுபடி ஆறியது. மூன்றாம் முறை மாற்றியபோது சிறிய தொண்டை ஏறி இறங்கியது. நின்றது. மறுபடி ஏறி இறங்கியது.

"குடிக்குதுடி," என்றார். குரல் உடைந்திருந்தது. ரௌஷன் அவரைப் பார்க்காமல் கெட்டிலை எடுக்கப் போனாள்.

இரவு குட்டியை விட்டிருந்த பெட்டி காலையில் காலியாக இருந்தது. கிண்ணத்தடியிலும் இல்லை. அவர் பதறி மண்ணுக்குள் விரலை விடப்போனார்.

"தோண்டாதீங்க," என்றாள் ரௌஷன். "தூங்குதோ என்னவோ."

தூங்குகிறதா, வேறா என்று அவர் கேட்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவளும் தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே பனி பொழிந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, கிண்ணத்தின் ஓரமாக ஈரமண் லேசாக மேடிட்டது. ஒரு சின்னக் கட்டி பெயர்ந்து, உருண்டு, பெட்டியின் சுவரில் போய் நின்றது.