அன்பான என்ற சொல்

"அன்பான கணவர்" என்று அத்தை எழுதியதில் முதல் சொல்லை அம்மா பேனாவால் அடித்தாள்.

அப்பா காலையில்தான் இறந்திருந்தார். உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. நாளைய பேப்பரில் இரங்கல் அறிவிப்பு வரவேண்டுமென்றால் இப்போதே வாசகத்தைச் சொல்லியாக வேண்டும்.

"என்ன அண்ணி இது? செத்தவன்கூடவா சண்டை?"

"உங்கண்ணன் பாடம்தான். ஆதாரம் இல்லாததை எழுதக்கூடாது."

அந்தச் சொல் இருந்துவிட வேண்டும் என்று மகளுக்கு ஆசை.

மருத்துவ மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது அப்பாவின் வேலை. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆன்லைனில் வகுப்பெடுப்பார். "'நல்ல பலன்'னு எழுதியிருக்கீங்க. யாருக்கு, எவ்வளவு? அளந்து பார்த்தீங்களா? பரவாயில்ல, நிதானமா யோசிங்க." தேன் ஒழுகும் குரல் சுவரைத் தாண்டி வரும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால், காபி ஆறியிருந்ததற்கு டம்ளர் பறக்கும்.

"இத்தனை வருஷத்துல ஒண்ணுகூடவா இல்ல?" என்றாள் அத்தை.

"இருந்தா நீயே காட்டேன்."

"எனக்கு அன்பாத்தான் இருந்தான். படிக்க வச்சான். கல்யாணம் பண்ணி வச்சான்."

"அப்ப உனக்கு மட்டும் போட்டுக்க. கட்டுரைல யார் எதுக்குப் பொறுப்புன்னு தனித்தனியா எழுதச் சொல்லுவார்ல."

அத்தை பேனாவைப் பிடுங்கி எழுதினாள்: தங்கைக்கு அன்பான அண்ணன். மனைவிக்குக் கணவர்.

"உங்க மனசு கல்லு, அண்ணி."

"அதையும் போடு. ஆதாரம் இருக்கு."

மகள் பேப்பர் ஆபீஸுக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு வாசித்தாள்.

"மகளுக்குன்னு என்ன போடட்டும்மா?" என்றார் போனில் இருந்தவர்.

இருவரும் அன்றைக்கு முதல்முறையாக அவளைப் பார்த்தார்கள். 'போடு' என்றது அத்தையின் பார்வை. 'போட்டுத்தான் பாரேன்' என்றது அம்மாவின் பார்வை.

அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். சின்ன வயதில், காய்ச்சலில், யாரோ அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கிய ஞாபகம். சட்டைத் துணியின் சொரசொரப்பு. அது அப்பாவின் தோள்தானா என்று அம்மாவைக் கேட்டால் தெரிந்துவிடும். இத்தனை வருடமும் அவள் கேட்டதில்லை.

"தந்தைன்னு மட்டும் போடுங்க."

"இன்னும் ரெண்டு வரிக்கு இடம் இருக்கும்மா."

"காலியா விட்டுடுங்க."

அம்மா ஒரு நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். மகள் உட்காரவில்லை.