ஆட வேண்டிய இரும்பு

பங்குனியில் ஜேசுரட்ணம் மாரடைப்பில் போய்விட்டார். அந்த ஆவணியில் கேவலார் மாதா திருவிழாவுக்கு வோன்வாகனைத் தானே இழுத்துப் போவது என்று அவர் மனைவி கொறற்றி முடிவெடுத்தாள். காருக்குப் பின்னால் கொழுவும் அந்தச் சக்கர வீட்டில்தான் குடும்பம் வருடாவருடம் போய்த் தங்கும். இத்தனை வருடமும் அவர் ஓட்டினார், அவள் பக்கத்தில் இருந்தாள்.

புறப்படுவதற்கு முதல்நாள் மேட்டுத் தெருவில் ஓட்டிப் பழகியபோது, நிறுத்தும்போதெல்லாம் பின்னாலிருந்து 'டொக்' என்று ஓர் இடி இடித்தது. புறப்பட்ட காலை அந்தச் சத்தம் இல்லை.

"பாத்தியே அக்கா? சத்தம் கித்தம் ஒண்டுமில்லை," என்றான் பக்கத்தில் இருந்த தம்பி அம்புறோஸ்.

"என்னடா செய்தனி?"

"மன்னார்க்காரன்ரை கைவேலை. நீ றோட்டைப் பார்."

பின்னால் இருந்த மகள் பிறேமா சிரித்தாள். "மாமா, வோஷிங் மெஷினுக்கும் உங்கடை கைவேலைதான் நடந்தது. இப்ப அது குசினிக்குள்ளை நடந்து திரியுது."

வுப்பர்டால் நகரத்தின் மேட்டிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் தெரு சரிந்து கிடந்தது. கொறற்றி பிறேக்கை மிதித்தாள். கார் மெதுவானது போலிருந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் யாரோ தோள்கொடுத்துத் தள்ளுவதுபோல் ஒரு பாரம் வந்து சேர்ந்தது. கியரைக் குறைத்தாள். பாரம் விடவில்லை. சிவப்பு விளக்குக்கு முன் இன்னும் அழுத்தி மிதித்தாள். கார் நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. கடவையில் கால் வைத்த பெண்ணொருத்தி குழந்தை வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கத்தினாள்.

கொறற்றி பச்சை விழுந்ததும் ஊர்ந்துபோய் பஸ் தரிப்பில் ஒதுக்கினாள். இறங்கிக் காரின் முன்சில்லில் கைவைத்தாள். சுட்டது. வோன்வாகனின் சில்லைத் தொட்டாள். தண்ணீர்க் குழாய்போல் குளிர்ந்திருந்தது. இறக்கம் முழுக்கப் பிறேக் பிடித்திருந்தால் இதுவும் அல்லவா சுட்டிருக்க வேண்டும்?

காரையும் வோன்வாகனையும் இணைக்கும் தண்டின் மூடியைத் தூக்கினாள். உள்ளே நீல நைலோன் கயிறு, சுற்றிச் சுற்றி, அசையாத முடிச்சுகளோடு.

"அந்தக் கம்பி முன்னும் பின்னும் ஆடினது அக்கா. வள்ளத்திலை ஆடுற ஒண்டையும் நாங்கள் விடமாட்டம். இறுக்கிக் கட்டிவிட்டன்."

"அது ஆடத்தான் வேணுமடா! கார் மெதுவானா இது பின்னாலை வந்து முட்டும். முட்டினா அந்தக் கம்பி உள்ளுக்குப் போகும். போனாத்தான் இதின்ரை சில்லுக்குப் பிறேக் பிடிக்கும். நீ கட்டினது பிறேக்கை!"

"அப்ப அந்தச் சத்தம்?"

"அதை மெத்தெண்டு பிடிக்கிற சாமான் உள்ளுக்குத் தேய்ஞ்சு போச்சு. கராஜ்ஜிலை மாத்த வேணும் எண்டு அவர் சொல்லிக்கொண்டிருந்தவர்."

"அத்தான் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே."

"நீ ஒருநாளும் கேக்கேல்லையே."

அம்புறோஸ் பாண் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்தான். கொறற்றி குனிந்து கீழே போகும் கம்பிகளைப் பார்த்தாள். அறுந்ததாக எதுவும் தெரியவில்லை. தரிப்புக்குள்ளேயே காரை ஒரு முழம் உருட்டி மிதித்தாள். இடித்தது. ஆனால் உருட்டிப் பார்ப்பது ஒன்று, இறக்கம் வேறு. கயிறு எதை வளைத்து வைத்திருக்கிறதோ? தெருவோ இன்னும் பாதி கீழே கிடந்தது.

"ரெண்டு பேரும் இறங்கி நடவுங்கோ."

"அம்மா, நானும் வாறன்."

"ஏலாது."

"அக்கா, நான் ஓட்டுறனே..."

"பேசாமல் அவளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நட."

அந்த வருடம் அவள் ஒரு சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கிவிட்டாள். அதற்குமேல் அவளால் முடியாது.

முதல் கியரில் தனியாக இறங்கினாள். ஒவ்வொரு வளைவிலும் மிதித்தாள். ஒவ்வொரு முறையும் பின்னால் இருந்தது இடித்து, பிறகு பிடித்தது. அடிவாரத்துச் சிவப்பு விளக்கில், கோட்டுக்கு நல்ல தூரம் இருக்கவே கார் நின்றது.

பச்சை விழுந்தது. அவள் கால் பிறேக்கை விட்டு எழவில்லை. பின்னாலிருந்த பஸ் ஹோர்ன் அடித்தது. இன்னொரு காரும் சேர்ந்து அடித்தது. கொறற்றி எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுவிட்டுப் பக்கக் கண்ணாடியையே பார்த்திருந்தாள். விளக்கு மறுபடி சிவந்து, மறுபடி பச்சையானது. வளைவில் செருப்பைக் கையில் பிடித்தபடி பிறேமா ஓடி வருவதும், அவளுக்குப் பின்னால் அம்புறோஸ் மூச்சிரைக்க வருவதும் தெரியும்வரை அவள் அசையவில்லை.