முதல் தேதி வலை

"முதல் தேதின்னா மாத்தியே ஆகணுமா? கடல்ல காலண்டர் தொங்குதா?" என்று மனைவி கத்த, "இருபது வருஷமா மாத்துறேன், என்னைக்காவது இப்படி ஆச்சா?" என்று கூண்டுக்காரரும் கத்தினார். பக்கத்து வீட்டில் நாங்கள் ஜன்னலை மூடவில்லை. காற்று வர வேண்டாமா?

கடலில் கூண்டு மிதக்கவிட்டு மீன் வளர்ப்பது அவர் தொழில். மொத்தம் இரண்டு கூண்டுகள். வலையில் பாசி அடைத்தால் மீனுக்கு மூச்சு முட்டும் என்று, மாதம் பிறந்ததும் மீன்களையெல்லாம் புது வலைக்கு மாற்றிவிடுவார். கல்யாண நாளை மறந்தாலும் இதை மறந்ததில்லை. இந்த முறை மூன்று வாரமாகத் தண்ணீர் கொதித்துக் கிடந்தது. மீன்கள் துவண்டிருந்தன. சூடு தணியட்டும் என்று மனைவி சொல்லியும் கேட்காமல் முதல் கூண்டை மாற்றினார். வலையில் உரசிச் செதில் பெயர்ந்தது. ஐந்தாம் நாள் அத்தனையும் உடம்பெல்லாம் புண்ணாகி மிதந்தன.

இனி இரண்டாவது கூண்டுதான் பிழைப்பு. சண்டையும் அதற்குத்தான்.

மீன் நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மைத்துனி, செத்த மீனைப் பரிசோதித்த முடிவோடு வந்தாள்.

"மாமா, இது புதுசா வந்த கிருமி இல்ல. எப்பவும் தண்ணியிலதான் இருக்கு. மீன் தெம்பா இருந்தா சும்மா கிடக்கும். சூட்டுல துவண்டு, தோல்ல ஒரு கீறலும் விழுந்தா உள்ள பூந்துடும்."

"நம்ம சொந்தக்காரங்க மாதிரி" என்றாள் மனைவி. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டாவது வலைய மாத்தலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லு" என்றார் கூண்டுக்காரர்.

"மாத்தினா புண்ணு. மாத்தலேன்னா மூச்சு முட்டும். தண்ணி குளுந்தாத்தான் வழி."

"எப்பக் குளிரும்?"

"போன வருஷம் இந்நேரம் குளுந்துடுச்சு" என்று மட்டும் சொன்னாள்.

வாழ்க்கையில் முதல் முறையாக மனைவி பேச்சைக் கேட்டு, அவர் வலையை மாற்றவில்லை. தினமும் படகில் போய்க் கையை நனைத்துப் பார்த்தார். தேய்த்துத் தள்ளிய பாசி மறுநாளே முளைத்தது. பதினோராம் நாள் காலையில் அந்தக் கூண்டும் மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தது. நாற்றம் எங்கள் தெருமுனை வரை வந்தது.

"நான் சொன்னதாலதானே?" என்று மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லை. மனைவி உள்நாட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. மைத்துனி ஐஸ் கம்பெனிக்காரனைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் போனாள். கல்யாணத்துக்கு அக்கா மட்டும் வந்தாள், மாமா வரவில்லை. கூண்டுக்காரர் இப்போது கடல் கண்ணில் படாத ஒரு சிமெண்ட் கிடங்கில் காவலுக்கு இருக்கிறாராம்.