பூக்கட்டிக் கேட்டது

முத்தழகு நந்தியாவட்டையை வாழையிலைக் கிழிசலில் வைத்து மடித்தாள். நிமிர்ந்தால் முதுகு வலித்தது, குனிந்தால் வயிறு இடித்தது. எட்டாம் மாதமும் முடியப்போகிறது. இந்தப் பிள்ளையை எங்கே பெறுவது என்ற பேச்சு மட்டும் முடிந்தபாடில்லை.

போன பிரசவம் இந்த வீட்டில்தான். மருத்துவச்சி இரண்டு பகல் போராடியும் பிள்ளை உயிரில்லாமல் வந்தது. இந்த முறை காரைக்குடி ஆசுபத்திரிக்குப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து மாமியார் பொன்னுத்தாயிக்கு உறக்கமில்லை. ஆறு பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றவள். அவள் தங்கச்சியோ எங்கோ தூரத்து ஊர் ஆசுபத்திரியில் பிரசவத்துக்கு வயிற்றில் கத்தி வைத்ததில் போய்ச் சேர்ந்தவள். புருசன் முத்துராமலிங்கத்தைக் கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க" என்று துண்டை உதறிக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். பேசிப் பேசி முத்தழகுக்கு அலுத்துவிட்டது.

கடைசியில் மாமியார்தான் சொன்னாள். "குன்றக்குடி முருகன்கிட்டப் பூக்கட்டிக் கேப்போம்த்தா. வெள்ளை வந்தா ஆசுபத்திரி, செகப்பு வந்தா வீடு. பெறகு பேச்சே கெடையாது. பொட்டலத்த நீயே கட்டு. நான் ஏதும் செஞ்சேன்னு இருக்கப்படாது."

மாமியார் முருகன் படத்துக்கு விளக்கேற்றத் திரும்பியதும் முத்தழகின் கை தன்னால் போனது. இரண்டாவது மடிப்பிலும் நந்தியாவட்டை. செவ்வரளியை மடியில் செருகிக்கொண்டாள். சாமியையே ஏமாற்றுகிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு பெண்டாட்டிக்காரனுக்குப் பொம்பளை பாடு தெரியாமலா இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

படத்துக்கு முன்னால் வைத்த இரண்டு பொட்டலத்தில் மகள் மீனம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை.

பொன்னுத்தாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வழக்கப்படி, மற்றதையும் பிரிக்கக் கை நீட்டினாள். தடுக்கிற அவசரத்தில் முத்தழகு எழுந்தபோது மடியிலிருந்த செவ்வரளி தரையில் விழுந்தது.

"அப்பத்தா, இங்கன ஒரு பூவு" என்று மீனம்மாள் பொறுக்கி நீட்டினாள்.

மாமியார் பூவைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள்.

"என்னால முடியல அயித்தை" என்றாள் முத்தழகு. 

பொன்னுத்தாயி அந்த இரண்டாவது பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அப்படியே முந்தானை முனையில் வைத்து முடிந்துகொண்டாள்.

"அங்க ஆம்பள டாக்டரா, பொம்பளயா?"

"பொம்பளதான்."

"கத்தி வைக்கிறதுன்னா நான் பக்கத்துல இருப்பேன். வெளிய போகச் சொன்னாலும் போகமாட்டேன்."

மீனம்மாள் செவ்வரளியைத் தலையில் செருகிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பொன்னுத்தாயி விளக்கைப் பார்த்தபடி நின்றாள். முந்தானை முடிச்சை அவள் கை விடவேயில்லை.