சிவப்பு வந்தால் விட்டுவிடவும்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. அதில் ‘தவறு செய்தவர்’ என்று ஒரு பெட்டி. ஒரு பெயருக்குத்தான் இடம். நாலு மணிக்குள் நிரப்பித் தர வேண்டும். பயந்துபோய்க் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி மூன்று நாற்பது.

2

முதல் தொடக்கம்: நேற்று காலை, வேலைக்குச் சேர்ந்து ஒன்பதே நாளான ஒரு பெண்ணின் கவனக்குறைவால் பதினொரு நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆள் மாறிப் போயின. அவள்

(வேண்டாம். மதியத்துக்குள் சரிசெய்துவிட்டோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ‘கவனக்குறைவு’ பொய்.)

இரண்டாவது தொடக்கம்: ரத்த ஆய்வகத்தின் முடிவுகளை மருத்துவரிடம் சேர்ப்பது எங்கள் மென்பொருள். அதில் எதை மாற்றினாலும், மாற்றம் சரிதானா என்று முதலில் கணினியில் ஒரு சோதனை ஓட வேண்டும். நாற்பது நிமிடம். தப்பே இல்லாவிட்டாலும் பாதி நாள் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும். சரிசெய்ய நேரம் கேட்டபோதெல்லாம் மேலாளர், “அது நமக்குள்ள இருக்குற தொல்லைதானே, வெளியில யாருக்குத் தெரியப்போகுது?” என்றார். ஆகவே புதியவர்களுக்கான வழிகாட்டியில் ஒரு வரி சேர்க்கப்பட்டது: சிவப்பு வந்தால் விட்டுவிடவும்.

(‘சேர்க்கப்பட்டது’ என்கிறேன், பாருங்கள். சேர்த்தது நான்.)

3

புதியவளை அசட்டையானவளாகக் காட்டப் பார்த்தேன். முடியவில்லை. நேற்று தன் மாற்றத்தை அனுப்பும் முன் அவள் இரண்டு முறை கேட்டாள்.

“அக்கா, இது வேற மாதிரி சிவப்பா இருக்கே?”

“அது எப்பவும் கத்தும்மா. நீ அனுப்பு.”

“நிஜமாவா?”

“அட, அனுப்பும்மா.”

நேற்று அது உண்மையைத்தான் கத்தியது. நான் திரும்பிக்கூட

4

முடிவுகள்.

அவள் பெயர் என்றால், நாளை அந்த நாற்காலி காலி. இன்னும் வேலை நிரந்தரமாகாதவள்.

என் பெயர் என்றால், (இங்கே மூன்று வாக்கியங்கள் எழுதி அழித்தேன். மூன்றிலும் அம்மா வந்தாள்.)

‘நாற்பது நிமிடச் சோதனை’ என்றும் எழுதிப் பார்த்தேன். மூன்று மணிக்கே மேலாளர் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

“ஆள் பேரு கேட்டேம்மா, கதை கேக்கல.”

5

மூன்று ஐம்பத்தாறு. வழிகாட்டியில் அந்த வரியை இப்போதுதான் அழித்தேன். அழித்தாலும், அதை எழுதியது யார் என்று அங்கேயே பதிவாகியிருக்கிறது. யாரும் திறந்து பார்க்கவில்லை.

பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் எட்டிப் பார்க்கிறாள்.

“என் பேரைப் பார்த்து எழுதுங்கக்கா. எல்லாரும் தப்பாத்தான் எழுதுறாங்க.”

சிரிக்கிறாள். கிண்டலா கோபமா, தெரியவில்லை.

மேலாளர் பெட்டியை மட்டும்தான் படிப்பார். முழுக்கப் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். பெயரை நீங்களே எழுதுங்கள்.